டர்பனில் கார்பன் வரிப் பட்டிமன்றம் நடத்துவது எப்படி

"கார்பன் வரி வேண்டுமா, வேண்டாமா?" தென்னாப்பிரிக்காவில் பட்டிமன்றத்துக்கு இப்படித் தலைப்பு வைத்தால் மேடை ஏறுமுன்பே பாதி கெட்டது. இந்த நாட்டில் அந்த வரி 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெட்ரோல் போடும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற ஒன்றை வேண்டுமா என்று கேட்டால் ஒரு அணி பூமித்தாயைப் பற்றிப் பேசும், மற்ற அணி ஏழை வயிற்றைப் பற்றிப் பேசும், நடுவர் இரண்டும் முக்கியம் என்று முடித்துவிடுவார். வந்தவர்கள் சமோசா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரெபேங்க், டோங்காட் பக்கம் தமிழ்ச் சங்கத்திலோ கோயில் மண்டபத்திலோ இந்த விஷயத்தை எடுத்து நடத்துபவர்களுக்கும், அதில் பேசப் போகிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

தலைப்பை எண்ணோடு கட்டுங்கள்

வரியைப் பற்றிய எந்த முன்மொழிவிலும் நான்கு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: வெளிவிடும் கரியமில வாயு டன்னுக்கு எவ்வளவு, எப்போதிலிருந்து, யார் கையிலிருந்து, வசூலான பணம் எங்கே. இந்த நான்கில் குறைந்தது இரண்டாவது தலைப்பிலேயே தெரிய வேண்டும். மற்றவற்றை நடுவர் தொடக்கத்தில் வாசித்துவிடலாம்.

நன்றாக ஓடக்கூடிய தலைப்புகள் சில. "2030க்குள் டன்னுக்கு 462 ரேண்ட் என்ற உயர்வை நிறுத்திவைக்க வேண்டும்." "கார்பன் வரி வசூலை ஆளுக்கு இவ்வளவு என்று பணமாகவே திருப்பித் தர வேண்டும்." "பெரிய ஆலைகளுக்கு உள்ள 60 சதவீத விலக்கை ஐந்து ஆண்டில் படிப்படியாக எடுத்துவிட வேண்டும்." மூன்றுமே உண்மையில் பேசப்படுகிற கொள்கைக் கேள்விகள். இரு பக்கமும் நேர்மையான ஆள் நின்று வாதாட முடியும்.

இரண்டு முன்மொழிவை "மற்றும்" போட்டு ஒரே தலைப்பில் ஒட்டாதீர்கள். "விலக்கை எடுத்து, வசூலை மக்களுக்குத் தர வேண்டும்" என்று வைத்தால் எதிரணி முதல் பாதியை மட்டும் அடிக்கும், ஆதரவணி இரண்டாம் பாதியை மட்டும் காக்கும், இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். பட்டிமன்றத்தில் அதிகம் நடக்கிற விபத்து இதுதான்.

இரு அணியும் கையெழுத்திடும் ஒரு பக்கம்

பேச்சுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பக்கத் தகவல் தாள் தயாராக வேண்டும். இரண்டு அணித் தலைவர்களும் அதைப் படித்து, "இதில் உள்ள எண்களை மேடையில் மறுக்க மாட்டோம்" என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஏழு நிமிடப் பேச்சில் ஐந்து நிமிடம் எந்த எண் சரி என்ற சண்டையிலேயே போய்விடும். தாளில் இருக்க வேண்டியவை:

விலை. 2019இல் டன்னுக்கு 120 ரேண்டில் தொடங்கியது. 2022இல் 144, 2023இல் 159, 2024இல் 190, 2025இல் 236. சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் படிக்கட்டு அதற்கு மேல்: 2026இல் 308, 2027இல் 347, 2028இல் 385, 2029இல் 424, 2030இல் 462. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட் உரை வந்தபின் இந்த வரிசையை மறுபடி சரிபாருங்கள்.

விலக்கு. இதுதான் எல்லோரும் வழுக்கி விழும் இடம். அறிவித்த விலை 120 என்றாலும் முதல் கட்டத்தின் தொடக்கத்தில் ஆலைகள் உண்மையில் கட்டியது டன்னுக்கு 6 முதல் 48 ரேண்ட் வரைதான். காரணம், 60 சதவீத உமிழ்வுக்கு எல்லோருக்கும் அடிப்படை விலக்கு. அதற்கு மேல், எரிப்பில் அல்லாமல் உற்பத்தி முறையிலேயே வெளியாகும் வாயுவுக்கு 10, வெளிநாட்டுப் போட்டியில் இருக்கும் தொழிலுக்கு 10 வரை, துறைச் சராசரியைவிடச் சுத்தமாக இயங்கினால் 5, கார்பன் பட்ஜெட் (நிறுவனத்துக்கு உமிழ்வு வரம்பு வைக்கும்) திட்டத்தில் சேர்ந்தால் 5, வேறு இடத்தில் குறைத்ததைக் காட்டி ஈடுசெய்தால் 5 அல்லது 10. எல்லாம் சேர்ந்து 95 சதவீதம் வரை போகலாம். 120இல் 5 சதவீதம் 6 ரேண்ட், 40 சதவீதம் 48 ரேண்ட். அந்த இரண்டு எண்ணும் இப்படி வந்தவைதான். முதல் கட்டம் 2025 டிசம்பரோடு முடிந்தது. இரண்டாம் கட்டத்திலும் 60 சதவீத அடிப்படை விலக்கு தொடரும் என்று கருவூலம் அறிவித்தது. மற்ற சில்லறை விலக்குகளின் அளவு மாறுகிறது.

யார் கட்டுவது. வீடுகள் நேரடியாகக் கட்டுவதில்லை. பொதுவாக 10 மெகாவாட் வெப்பத்திறனுக்கு மேல் எரிபொருள் எரிக்கும் நிறுவனங்கள் நாட்டின் வரித்துறையான சார்ஸிடம் உரிமம் எடுத்து, கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். பெட்ரோல், டீசலுக்கு மட்டும் விற்பனை விலையிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார்கள்.

நாட்டு இலக்கு. 2021இல் தென்னாப்பிரிக்கா உலகுக்குக் கொடுத்த வாக்கு, 2030இல் உமிழ்வு 350 முதல் 420 மெகாடன்னுக்குள் இருக்கும் என்பது. உலக மொத்தத்தில் நம் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து. 2024இல் கையெழுத்தான காலநிலை மாற்றச் சட்டம், பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனி உமிழ்வு வரம்பு வைக்கச் சொல்கிறது. வரம்பை மீறினால் டன்னுக்கு 640 ரேண்ட் என்று ஒரு முன்மொழிவும் இருக்கிறது.

இவ்வளவு போதும். தாள் இரண்டு பக்கமானால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒரு டோக்கன், ஒரு பெட்ரோல் ரசீது

மேடையில் வெல்வது பெரும்பாலும் இந்த இரண்டு காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர்தான். பேசப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வேறொருவர் போட்டதை மனப்பாடம் செய்தால் குறுக்குக் கேள்வியில் சிக்கிக்கொள்வார்கள்.

முதலில் டோக்கன், அதாவது முன்பணம் கட்டி வாங்கும் பிரீபெய்டு மின்சாரம். மாதம் 350 யூனிட் வாங்கும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. அப்படியானால் 350 கிலோ, அதாவது 0.35 டன். 308 ரேண்ட் விலையை அப்படியே போட்டால் மாதம் 107 ரேண்ட் 80 சென்ட். 60 சதவீத விலக்கைக் கழித்தால் 43 ரேண்ட் 12 சென்ட். எதிரணிக்காரர் முதல் எண்ணைச் சொல்வார், ஆதரவாளர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டுமே பொய் இல்லை. எது எந்த அனுமானத்தில் வந்தது என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

கணக்கு இத்தோடு முடியவில்லை. நம் மின்சாரத்தின் மேல் யூனிட்டுக்கு 3.5 சென்ட் சுற்றுச்சூழல் லெவி (தீர்வை) பல ஆண்டுகளாகவே இருக்கிறது. யூனிட்டுக்கு ஒரு கிலோ என்றால் அது டன்னுக்கு 35 ரேண்ட். பெயர் வேறு, வேலை ஒன்றுதான். 350 யூனிட்டுக்கு 12 ரேண்ட் 25 சென்ட். முதல் கட்டத்தில் கார்பன் வரியால் மின்கட்டணம் ஏறக்கூடாது என்று அரசு உறுதி கொடுத்து, இந்த லெவியையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கிய கூடுதல் செலவையும் வரியில் கழித்துக்கொள்ள எஸ்காமை விட்டது. டன்னுக்கு 48 ரேண்டும் அதற்குக் கீழேயுமாக இருந்தபோது 35 ரேண்ட் லெவி பெரும்பகுதியை மூடிவிட்டது. விலை 308, 462 என்று ஏறும்போது அந்தக் குடை போதாது. ஆகவே "எஸ்காம் கழிவு தொடரட்டுமா?" என்பதே தனியாக ஒரு நல்ல தலைப்பு.

எதிரணி இன்னொரு எண்ணுக்குத் தயாராக இருக்க வேண்டும். எஸ்காமின் நேரடி வாடிக்கையாளருக்குக் கட்டணம் 2023இல் 18.65 சதவீதம், 2024இல் 12.74, 2025இல் மறுபடி 12.74 ஏறியது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் மூன்று ஆண்டில் 50 சதவீதத்துக்குச் சற்று மேல். கார்பன் வரி மின்கட்டணத்தைத் தொடாத காலத்தில் நடந்தது இது. "இந்த வரியால்தான் கரண்ட் பில் ஏறிவிட்டது" என்று யாராவது ஆரம்பித்தால் ஆதரவணி இதை எடுத்துப் போடும். எதிரணியின் சரியான பதில்: "ஏற்கெனவே 50 சதவீதம் சுமந்தவர் முதுகில் இன்னும் 43 ரேண்டா?" இப்படிச் சொன்னால் அதே எண் அவர்கள் பக்கம் திரும்பிவிடும்.

அடுத்து பெட்ரோல். 2025 ஏப்ரல் நிலவரப்படி லிட்டருக்கு 14 சென்ட் பெட்ரோலுக்கும் 17 சென்ட் டீசலுக்கும் கார்பன் லெவி. 40 லிட்டர் போட்டால் 5 ரேண்ட் 60 சென்ட். அதே 40 லிட்டரில், 2025 ஜூன் நிலவரப்படி, பொது எரிபொருள் லெவி 4 ரேண்ட் 1 சென்ட் வீதம் 160 ரேண்ட் 40 சென்ட். சாலை விபத்து நிதிக்கு 2 ரேண்ட் 18 சென்ட் வீதம் 87 ரேண்ட் 20 சென்ட். மூன்றையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்தாலே மண்டபம் அமைதியாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வாயு. 236 ரேண்ட் வீதம் முழு விலை 54 சென்ட் வர வேண்டும். 14 சென்ட் என்பது அதில் கால்வாசி. ஆலைகளுக்கு உள்ள விலக்கு இதற்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

டாக்ஸியில் (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) வேலைக்குப் போகிறவருக்கு இந்த லெவி கட்டணத்தில் எப்படி வந்து சேரும் என்று கேட்டால், சில்லறையாக வராது. டாக்ஸிக் கட்டணம் ஏறும்போது ரேண்ட் கணக்கில்தான் ஏறும். இது எதிரணிக்கு நல்ல வாதம். அதிகம் பேர் சொல்வதில்லை.

வலுவான வாதமும் அதன் மறுமொழியும்

"நாம் உலகத்தில் ஒரு சதவீதம்தானே, நாம் குறைத்தால் என்ன ஆகும்?" எதிரணி முதலில் எடுக்கும் கத்தி இது. இதற்கு அறநெறி பேசி மறுமொழி சொன்னால் எடுபடாது. வணிகத்தைப் பேச வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் எல்லை கார்பன் வரி ஒன்றை 2023 அக்டோபரில் கணக்குக் கேட்பதோடு தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் காசு கேட்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் வரும். ஏற்றுமதியாகும் நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம். அதாவது இங்கே வாங்காவிட்டால் அந்தப் பணம் பிரசல்ஸுக்குப் போகும்.

இதற்கு எதிரணியிடம் மூன்று பதில் இருக்கிறது, மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, கழிவு கிடைப்பது உண்மையில் கட்டியதற்குத்தான், அறிவித்த விலைக்கு அல்ல. நம் விலக்குகளைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். இரண்டு, நம் ஏற்றுமதியில் ஐரோப்பாவுக்குப் போகும் இந்த வகைச் சரக்கு ஒரு பகுதிதான். அதற்காக நாடு முழுவதற்கும் வரியா? மூன்று, கொஞ்சம் நுணுக்கமானது: ரிச்சர்ட்ஸ் பே அலுமினிய உருக்காலையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அலுமினியத்துக்கும் உருக்குக்கும் இப்போது ஐரோப்பா எண்ணுவது ஆலைக்குள் நேராக வெளியாகும் வாயுவை மட்டும். அந்த ஆலை விழுங்கும் நிலக்கரி மின்சாரம் அதில் சேரவில்லை. இதைத் தெரிந்தவர் எதிரணியில் இருந்தால் ஆதரவணியின் பாதி வாதம் சரியும். ஆதரவணி அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்: விதி அப்படியே நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

வேலை பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் எந்த விவாதமும் முடியாது. நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 90,000 பேர், பெரும்பாலும் எம்புமலங்கா மாகாணத்தில். அங்குள்ள கோமாட்டி நிலக்கரி மின்நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. மாற்று வேலை வேகமாக வரவில்லை என்ற குறை அங்கே பரவலாக இருக்கிறது. இதைச் சொல்லும் எதிரணிக்கு ஆதரவணி கேட்க வேண்டிய கேள்வி: கோமாட்டி மூடப்பட்டது கார்பன் வரியாலா? அது ஐம்பது ஆண்டைத் தாண்டிய நிலையம், வயதாகித்தான் ஓய்ந்தது. வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய நிலையங்கள் மூடும். வசூலில் எவ்வளவு அந்த ஊர்களுக்குப் போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தென்னாப்பிரிக்காவில் வரி வசூல் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடும், இந்தப் பணம் இந்த வேலைக்கு என்று தனியாகக் கட்டி வைப்பதைக் கருவூலம் விரும்புவதில்லை. இங்கே ஆதரவணி திணறும். திணறட்டும், அதுதான் நல்ல பட்டிமன்றம்.

"ஆளுக்குப் பணமாகத் திருப்பிக் கொடு" என்ற தலைப்பில் எல்லோரும் பெரிய தொகையைக் கற்பனை செய்துகொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மில்லியன் டன்னுக்கு, விலக்குப் போக, டன்னுக்கு உண்மையில் 100 ரேண்ட் வசூலாகிறது என்று வைப்போம். 3,000 கோடி ரேண்ட். 2022 மக்கள்தொகைக் கணக்கில் 62 மில்லியன் பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 484, மாதம் 40 ரேண்ட். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 ரேண்ட். மேலே பார்த்த 43 ரேண்ட் மின்செலவோடு ஒப்பிட்டால் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு லாபம்தான்; ஆனால் ரொட்டி, டாக்ஸி, சிமென்ட் வழியாக வருகிற மறைமுகச் சுமையை அந்த 43இல் சேர்க்கவில்லை. இந்த எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை, அரசுக் கணக்கு அல்ல என்பதை மேடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் அது அரசு அறிவிப்பாகச் சுற்றும்.

வெள்ளமும் புகையும்

டர்பன் மேடையில் இரண்டு விஷயம் தவறாமல் வரும். இரண்டுமே உணர்ச்சி நிறைந்தவை, இரண்டுமே எளிதில் தடம் மாறுபவை.

2022 ஏப்ரல் வெள்ளம். நானூறுக்கும் மேற்பட்ட உயிர். டோங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போய் மாதக்கணக்கில் டேங்கர் வரிசை. கூட்டத்தில் அந்த வரிசையில் நின்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆகவே அளந்து பேசுங்கள். புவிச்சூடு இல்லாத காலத்தில் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அப்படியொரு மழை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்பது அறிவியலாளர்கள் கண்டது. "காலநிலை மாற்றம்தான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது" என்பது அதைவிட அதிகம், "எப்போதும் வருகிற மழைதான்" என்பது அதைவிடக் குறைவு. அடைபட்ட வடிகாலும் சரிவில் கட்டிய வீடுகளும் சாவைக் கூட்டின என்று எதிரணி சொன்னால் அதுவும் உண்மை. ஆதரவணி அதை மறுக்கப் பார்த்தால் சபை கையை விட்டுப் போகும்.

இரண்டாவது, புகை. மெரெபேங்க், வென்ட்வொர்த் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளோடு வளர்ந்த தலைமுறைக்கு மாசு என்றால் மூச்சிரைப்பு. பேச்சாளர் ஒருவர் எழுந்து, பிள்ளையின் ஆஸ்துமா பம்ப்பைப் பற்றி உருக்கமாகப் பேசி, "ஆகவே கார்பன் வரி வேண்டும்" என்பார். கைதட்டல் வரும். வாதம் மட்டும் பொருந்தாது. மூச்சைப் பிடிப்பது கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும். அவற்றுக்கு 2004ஆம் ஆண்டுக் காற்றுத்தரச் சட்டம் தனியாக இருக்கிறது. கார்பன் வரி கணக்கிடுவது கரியமில வாயு, மீத்தேன் போன்றவற்றை. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. நிலக்கரியும் எண்ணெயும் குறைந்தால் இரண்டும் சேர்ந்து குறையலாம் என்று சொல்லலாம், அதற்கு மேல் போகக்கூடாது. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்தான்: சின்னவர்களுக்குப் புரியட்டும் என்று உமிழ்வைப் "புகை" என்று சொல்லிவிடுகிறோம். "வெளிவிடும் வாயு" என்று சொல்லுங்கள், கொஞ்சம் நீளம்தான், ஆனால் தப்பு வராது.

வெளிநாட்டு உதாரணத்தை உடைக்காமல் கொண்டுவருவது

ஒவ்வொரு நாட்டையும் இரு பக்கமும் உபயோகிக்கலாம். அரைவாசி கதையைச் சொல்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஸ்வீடன் 1991இலேயே வரி போட்டது, இன்று உலகின் உயர்ந்த விலைகளில் ஒன்று, பொருளாதாரமும் வளர்ந்தது. சரி. ஆனால் அங்கே மின்சாரம் அப்போதே நீரிலும் அணுவிலும் ஓடியது; வரி முக்கியமாகத் தொட்டது வீட்டைச் சூடாக்கும் எண்ணெயையும் வண்டியையும். நிலக்கரி மின்சார நாட்டுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் எதிரணி விடாது. ஆஸ்திரேலியாதான் நமக்கு நெருக்கம், அதுவும் நிலக்கரி நாடு. 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி, ஆட்சி மாறியபின் 2014 ஜூலையில் ஒழித்துவிட்டார்கள். பொருளாதாரம் தாங்காமல் ஒழிந்ததா, தேர்தல் தாங்காமல் ஒழிந்ததா என்று இரண்டு அணியும் மோதட்டும்.

கனடாவின் பாடம் இன்னும் கூர்மை. வசூலின் பெரும்பகுதியை வீடுகளுக்கே திருப்பி அனுப்பினார்கள், 2024இல் விலை டன்னுக்கு 80 கனடா டாலரைத் தொட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் மீதான அந்த வரியை எடுத்துவிட்டார்கள். திருப்பித் தரும் திட்டத்தை ஆதரிப்பவர் இதற்குப் பதில் சொல்லாமல் இறங்கக்கூடாது. வங்கிக் கணக்கில் வந்த பணம் இந்த வரியிலிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியவே இல்லை, ஆனால் பெட்ரோல் பங்க்கில் ஏறிய விலை எல்லோருக்கும் தெரிந்தது என்பது ஒரு பதில். பெரிய தொழிற்சாலைகள் மீதான விலை அங்கே தொடர்கிறது என்பது மற்றொன்று. பிரான்சில் 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவில் இறங்கியபின், 44.60 யூரோவில் விலையை நிறுத்திவிட்டார்கள். இதை ஏழை எதிர்ப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பேருந்து இல்லாத ஊரில் வண்டியை நம்பி வாழ்பவர்களின் எதிர்ப்பு. ஃபீனிக்ஸில் இருந்து உம்லாங்காவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது உடனே புரியும்.

மேடை ஏற்பாடு

அணிக்கு மூவர். ஆளுக்கு ஏழு நிமிடம், ஆறாம் நிமிடத்தில் ஒரு மணி, ஏழில் இரண்டு. ஒவ்வொரு பேச்சுக்குப் பின் எதிரணியிலிருந்து ஒரே கேள்வி, பதிலோடு சேர்த்து இரண்டு நிமிடம். கடைசியில் அணித் தலைவர்களுக்கு நான்கு நிமிடத் தொகுப்பு, நடுவருக்குப் பத்து. மொத்தம் 72 நிமிடம். பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அது பொருந்தும்.

அவை வணக்கம் சொல்ல முப்பது வினாடிக்கு மேல் தராதீர்கள். தலைவர், செயலாளர், மேடையில் உள்ள பெரியோர், பின்னால் நிற்கும் சமையல்காரர் வரை வணங்கிவிட்டு விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வணக்கத்தை நடுவர் ஒருவரே எல்லோர் சார்பிலும் சொல்லிவிடுவது சுமுகமான வழி.

பேச்சுப் பங்கீட்டையும் முன்பே முடிவு செய்யுங்கள். முதலாமவர் முன்மொழிவை விளக்கி வீட்டுக் கணக்கைச் சொல்வார், இரண்டாமவர் தொழிலும் வேலையும், மூன்றாமவர் வெளிநாட்டு உதாரணமும் எதிரணிக்கு மறுமொழியும். மூவரும் ஒரே டோக்கனைக் காட்டிப் பேசும் அணிகள் அதிகம்.

தமிழ் சரளமாக வராத இளையவர்களைப் பேச வைக்கும்போது கலைச்சொல்லைத் திணிக்காதீர்கள். லெவி, டன், பட்ஜெட், யூனிட், எஸ்காம் எல்லாம் அவர்கள் வாயில் இயல்பாக வருகிற சொற்கள், அப்படியே இருக்கட்டும். தமிழில் சொல்லியே ஆக வேண்டியது மூன்று நான்குதான்: விலக்கு, உமிழ்வு, வசூல், சுமை. இந்த நான்கையும் சரியாகப் பிரித்துப் பேசினால் மீதி தானாக வரும். குறுக்குக் கேள்வியை எழுதிக் கொடுத்துப் பழக்குங்கள். ஒரு மாதிரி:

"நடுவர் ஐயா, எதிரணி அக்கா மாதம் 107 ரேண்ட் என்றார்கள். அந்தக் கணக்கில் 60 சதவீத விலக்கைக் கழித்தார்களா, இல்லையா?"

"கழிக்கவில்லை. விலக்கு என்றைக்கும் நிற்கும் என்று எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை."

கேள்வியில் ஒரே எண், பதிலில் ஒரே காரணம். இப்படி இருந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பின்தொடரும்.

நடுவர் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும். "இரண்டும் இரு கண்கள்" என்று முடிக்கிற நடுவரை மறுபடி அழைக்க வேண்டாம். தீர்ப்பு தலைப்பின் மேல்தான், யார் அழகாகப் பேசினார் என்பதன் மேல் அல்ல. எந்த வாதத்துக்கு மறுமொழி வரவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால் கடைசிப் பத்து நிமிடம் தானே எழுதிவிடும். நுழையும்போதும் போகும்போதும் பார்வையாளர்களிடம் கையெடுப்பு நடத்தி, எத்தனை பேர் கட்சி மாறினார்கள் என்று பார்ப்பதும் நல்ல வழக்கம்.

பேசியதை அனுப்ப வேண்டிய இடம்

பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்ததை, கருவூலம் வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரைவு வரிச்சட்டத் திருத்தமாக வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் விடும். பட்டிமன்றத்தை அதற்கு முன் ஜூன், ஜூலையில் வைத்தால் பேசியது வீணாகாது. சங்கத்தின் பெயரில் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம்: எந்தப் பிரிவு, எந்த மாற்றம், 350 யூனிட் வீட்டுக்கு அதனால் மாதம் எவ்வளவு. தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் எழுதும்போது அலகைக் கவனியுங்கள். டன்னுக்கு 35 ரேண்டும் யூனிட்டுக்கு 3.5 சென்ட்டும் ஒன்றுதான். அவசரத்தில் யூனிட்டுக்கு 35 சென்ட் என்று போய்விட்டால் முழுக் கணக்கும் பத்து மடங்காகிவிடும்.